மறுநாள் ருசி

எங்கள் வீட்டில் புளிக்குழம்பை வைத்த அன்றைக்கு யாரும் பாராட்டியது கிடையாது. "நல்லாத்தான் இருக்கு, நாளைக்குத் தெரியும்" என்பார் அப்பா. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. அவளுடைய கருத்தும் அதுதான். வைத்த அன்றைக்குச் சாப்பிடுவது வெறும் வெள்ளோட்டம். குழம்பு குழம்பாவது மறுநாள் காலையில்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் வளர்ந்தவள் நான். கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும். நெல் வெளியூரிலிருந்து வரவேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாள் எங்களுக்குத் திருநாள். அப்பாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. தெருவில் பாதித் திண்ணைகளில் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வாங்கிவந்த சட்டங்களில் குச்சி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட தெருவில் மூன்று வேளையும் அடுப்பு மூட்டிச் சுடச்சுடச் சமைப்பது யாருக்கும் நடக்கிற காரியமில்லை. ஒரு வேளை சமைப்பார்கள், அது மற்ற வேளைகளுக்கும் நீளும். அப்படி நீண்ட சாப்பாட்டைத்தான் நாங்கள் ஆசையாகச் சாப்பிட்டோம். விருந்துச் சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய ஞாபகங்கள் இல்லை.

முதலில் பழையது. எங்கள் வீட்டுப் பழையதின் ருசி அப்பாவின் ஷிப்டைப் பொறுத்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விஷயம் சாதாரணமானது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, மிச்சச் சோறு நன்றாக ஆறிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் காலையில் நொசநொசவென்று ஆகிவிடும். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் என்றால் எட்டரை மணிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி மூடியாகிவிடும். விடிவதற்குள் அளவாகப் புளித்திருக்கும். நாலு மணி ஷிப்ட் வாரத்தில் அவர் வீடு திரும்பவே நடுராத்திரி தாண்டிவிடும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா பானையில் தண்ணீர் ஊற்றுவாள். காலையில் அந்தச் சோறு பழையதாகவும் இருக்காது, புதுசாகவும் இருக்காது. சப்பென்று இருக்கும். "அப்பாவுக்கு எப்ப ஷிப்ட் மாறும்?" என்று நாங்கள் கேட்டதைத் தகப்பன் பாசம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மதினி நெகிழ்ந்துபோயிருக்கிறாள்.

அரிசியும் முக்கியம். ரேஷன் கடைப் புழுங்கலரிசி, குண்டு குண்டாக, லேசான வாடையோடு இருக்கும். சுடுசோறாகச் சாப்பிட அது லாயக்கில்லை. பழையதுக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. பச்சரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் குழைந்து கஞ்சியாகிவிடும். புழுங்கல் என்பது நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவிந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். விலை உயர்ந்த மெல்லிய அரிசி எங்களுக்கு எப்போதாவது வரும். அந்த வாரம் காலையில் எல்லோர் முகமும் சுண்டிப்போயிருக்கும்.

ஆச்சி பழையது பிழிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பானைக்குள் வலது கையை விட்டுச் சோற்றை அள்ளி, உள்ளங்கைக்குள் மெதுவாக ஒரு அழுத்து. தண்ணீர் விரல் இடுக்கு வழியாக வழிந்து பானைக்கே போய்விடும். ஒரு பருக்கை நசுங்கியிருக்காது. அந்த உருண்டையைக் கும்பாவில் போட்டு, கல்லுப்பு நாலைந்து பரல் போட்டு, மோர் விட்டுக் கையாலேயே கரைப்பாள். சின்ன வெங்காயத்தை அரிவாள்மணையில் நறுக்க விடமாட்டாள். அம்மியில் வைத்துக் கைமுட்டியால் ஒரு குத்து. தோல் தனியாக, வெங்காயம் தனியாக வந்துவிடும். கடைசியில் மோர் மிளகாய். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காயவைத்து மிளகாயைப் போட்டால் வெளிறிக் கிடந்தது பழுப்பாகி, உப்பிக் கறுக்கும். மிளகாயை எடுத்துக்கொண்ட பிறகு கரண்டியில் மிஞ்சிய எண்ணெயை எங்கள் மூன்று பேருடைய கும்பாவிலும் சொட்டுச் சொட்டாகப் பங்கிடுவாள். குளிர்ந்த சோற்றில் அந்தச் சூட்டு எண்ணெய் விழும்போது "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். யாருக்குச் சத்தம் அதிகமாக வந்ததோ அவருக்கு எண்ணெய் அதிகம் என்று கணக்கு. அதில் சண்டை வரும்.

"ஏட்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. ஒனக்கு நீச்சத்தண்ணி ஒரு செம்பு சேத்துத் தாரேன்" என்பாள் ஆச்சி. நீச்சத்தண்ணி குடித்துவிட்டு வெயிலில் பள்ளிக்கூடம் போனால் மத்தியானம்வரை வயிறு குளுகுளுவென்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றின் பலன்களை ஆராய்கிறார்கள் என்று செய்தி படித்தேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் சோற்றில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குடலுக்கு என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம். நல்ல காரியம்தான். ஆச்சி இருந்திருந்தால், "அதுக்கு எதுக்குட்டி ஆசுபத்திரி, குடிச்சுப் பாத்தாத் தெரியப்போகுது" என்று முடித்திருப்பாள்.

பழையதுக்குத் தொட்டுக்கொள்ளக் காணத்துவையல், கருவாடு, மாவடு என்று எத்தனையோ உண்டு. ஆனால் ஜோடி என்றால் சுண்டக்குழம்புதான். கத்தரிக்காய், முருங்கைக்காய், மாவத்தல், சில நாள் தட்டாம்பயறு போட்டு மத்தியானம் வைத்த புளிக்குழம்பு ராத்திரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சும் என்று சொல்வது தவறு. மிஞ்ச வைப்பாள் அம்மா. ராத்திரி ஒரு கொதி கொதிக்க வைத்து இறக்குவாள். அதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது என்பது சட்டம். கொதித்து அடங்கியதில் எச்சில் கரண்டியோ ஈரக் கரண்டியோ பட்டால் காலையில் நுரைத்துவிடும். புளி, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் தாராளமாக இருப்பதால்தான் இது தாங்குகிறது. பருப்புப் போட்ட சாம்பாரும் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் எங்கள் வெயிலுக்கு ராத்திரியே ஊசிப்போகும். அதனால் சாம்பார் வைக்கிற நாள் அம்மா அளந்து வைப்பாள். புளிக்குழம்பு வைக்கிற நாள் தாராளப் பிரபுவாகிவிடுவாள். மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் இந்தக் கணக்கைத்தான் தனக்கு ஆச்சி முதலில் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்வாள்.

காலையில் விறகடுப்பின் தணலில் சட்டியை ஏற்றிவிட்டு அவள் வாசல் தெளிக்கப் போய்விடுவாள். அரை மணி நேரம் அது தன் பாட்டுக்குச் சுண்டும். திரும்பி வரும்போது எண்ணெய் மேலே பிரிந்து சிவப்பாக நிற்கும். கத்தரிக்காய் கரைந்து குழம்போடு குழம்பாகப் போயிருக்கும். முருங்கைக்காய் மட்டும் உருத் தெரிய இருக்கும். நேற்றைக்கு உறைப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம் என்று நின்ற குழம்பில் இன்றைக்கு எது எது என்று பிரிக்க முடியாது. விரலால் தொட்டு நாக்கில் தடவினால் போதும், ஒரு கும்பாச் சோறு இறங்கிவிடும்.

எல்லாம் வழித்த பிறகு சட்டியின் அடியில் கறுப்பாக ஒரு பிசின் ஒட்டியிருக்கும். அதில் ஒரு பிடிச் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவது ஒரு உரிமை. எனக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் முறை வைத்திருந்தோம். தம்பி ஆண்பிள்ளை என்பதால் அவன் முறை அடிக்கடி வந்தது. தூத்துக்குடியிலிருந்து 60 கிலோமீட்டர் பஸ்ஸில் ஐஸ் போட்டு வரும் சாளை மீன் குழம்பாகும் நாளுக்கு மறுநாள் இந்த முறைவைப்பு மேலும் குழம்பிவிடும். மண்சட்டி மீன்குழம்பின் அடிச்சட்டிக்காக அக்கா என்னோடு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மாவுக்கு வருகிறேன். இட்லி எங்களுக்குத் தினப்படி விஷயமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டுரலில் ஆட்டினால் ஞாயிறு இட்லி. கோயம்புத்தூரில் 1955இலேயே சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கிவிட்டார். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர எண்பதுகள் ஆயிற்று. அதுவரை ஆச்சி குழவியைச் சுற்ற, அம்மா தள்ளிவிட, நான் தண்ணீர் தெளிப்பேன். தொலி உளுந்தை ஊறவைத்துத் தொலி களைய நிறையத் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. தொலியோடு சேர்த்து அது பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகும். அந்தப் பசுவின் மோர்தான் திங்கட்கிழமை எங்கள் பழையதுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி பஞ்சு போல இருக்கும், மறுப்பதற்கில்லை. திங்கள் தோசை. செவ்வாய் கொஞ்சம் புளிப்பேறிய மாவில் கனத்த ஊத்தப்பம். எங்கள் மூன்று பேருடைய கண்ணும் புதன்கிழமை மேல் இருந்தது. அன்றைக்கு மாவு மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும். இட்லிக்கும் ஆகாது, தோசைக்கும் ஆகாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஊறவைத்த கடலைப்பருப்பு எல்லாவற்றையும் கடுகோடு தாளித்து அந்த மாவில் கொட்டிக் கலக்கி, பணியாரச் சட்டிக் குழிகளில் எண்ணெய் விட்டு ஊற்றுவாள் அம்மா. புளித்த மாவு எழும்ப வேறொன்றும் சேர்க்க வேண்டியதில்லை. பொங்கி எழும்பி, ஓரம் கருகலாகச் சிவந்து வரும். ஊசிக் கம்பியால் குத்தி ஒரு திருப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்காமலே அடுப்படியில் நின்று தின்போம். புது மாவிலும் பணியாரம் சுட்டுப் பார்த்திருக்கிறாள், விருந்தாளி வந்த ஒரு நாளில். உருண்டையான இட்லி மாதிரி இருந்தது. விருந்தாளிகள் ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

மிஞ்சிய இட்லி உப்புமாவாகும். அதற்கு இட்லி நன்றாக ஆறிக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். ராத்திரி இட்லியைக் காலையில் உதிர்த்தால் பொலபொலவென்று விழும். அதில் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆச்சிக்குப் பிடிக்காது, அம்மாவுக்குப் பிடிக்கும். இதில் மாமியார் மருமகள் சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆச்சி பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அம்மா பிழிந்துகொள்வாள்.

வெண்ணெய் உருக்குகிற நாளைச் சொல்லாமல் விட முடியாது. நெய் பதம் வந்ததும் ஒரு பிடி முருங்கைக்கீரையை உள்ளே போடுவாள் ஆச்சி. படபடவென்று பொரியும். நெய்யை வடித்து ஜாடியில் ஊற்றி உயரத்தில் வைத்துவிடுவாள். அது யாருக்கோ, எப்போதைக்கோ. எங்களுக்கு அடியில் நிற்கும் கசண்டும் மொறுமொறுத்த கீரையும். சூடு ஆறுவதற்குள் சட்டியில் சீனி தூவிச் சுரண்டித் தின்றால் அதுதான் பலகாரம். சோறு போட்டுப் பிரட்டினால் அதுதான் சாப்பாடு.

சாயங்காலத் தீனி என்பது எங்கள் ஊரில் பெரும்பாலும் கடையிலிருந்து வரும். பொட்டலத்தில் சேவு, சாத்தூர்ப் பக்கம் போனவர்கள் வாங்கிவரும் காராச்சேவு, உள்ளூர்க் கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எங்களுக்குத் தெரிந்த மிட்டாயைப் பற்றி அந்தச் சான்றிதழில் ஒரு வரி இருக்காது. பாகில் புரட்டிய கடலையைப் பலகையில் பரப்பி, தேய்த்து, வெட்டும்போது ஓரங்களில் சிதறுகிற உடைசல்தான் எங்கள் மிட்டாய். முழு மிட்டாயைவிட விலை மலிவு. பாகு கொஞ்சம் கூடுதலாக முறுகியிருக்கும். சேவு தகரத்தின் அடியில் தங்கும் தூளையும் கடைக்காரர் தனியாகப் பொட்டலம் கட்டித் தருவார். அது சாயங்காலத்தில் தீர்ந்துபோகாது. மறுநாள் மத்தியான ரசச் சோற்றில் அந்தச் சேவுத்தூளைத் தூவிக்கொண்டால் வேறு கறி எதுவும் வேண்டாம். பாதி ஊறி பாதி மொறுமொறுப்பாக இருக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கடலை பறிக்கிற காலத்தில் பச்சைக் கடலையை மண்ணோடு வாங்கிவந்து, அலசி, உப்புப் போட்டு அண்டாவில் அவிப்பார்கள். அன்றைக்குத் தெரு முழுக்கத் தோல். தின்றது போக மீந்ததைத் தோலோடு மச்சில் காயப்போட்டு வைத்துக்கொள்வோம். சுருங்கி, கெட்டியாகி, மெல்ல மெல்ல உப்பும் இனிப்புமாக வரும். சினிமாக் கொட்டகைக்குப் பாவாடை மடிப்பில் ஒளித்துக் கொண்டுபோக அதைவிட நல்ல பண்டம் கிடையாது.

பங்குனி, சித்திரையில் மச்சுக்கு வேறு வேலை வந்துவிடும். மிஞ்சிய சோற்றைப் பச்சை மிளகாய், சீரகம், உப்போடு ஆட்டி, பழைய வேட்டியை நனைத்து விரித்து, கிள்ளிக் கிள்ளி வைப்பாள் அம்மா. காக்கா விரட்ட நான் காவல். கம்பும் குடையுமாக உட்கார்ந்திருப்பேன். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிற பதத்தில் சோற்று வடகத்தைத் தின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு அம்மா, "இந்த ஊர்க் காக்கா ஓரத்துல இருந்து வரிசையாத் திங்குது" என்பாள்.

இந்த வித்தைகளுக்கெல்லாம் சிகரம் மாட்டுப் பொங்கல் காலை. எங்கள் ஜில்லாவில் பொங்கல் என்றால் கிழங்குதான். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு. சிறுகிழங்கின் தோலை உரித்து மாளாது. சாக்கில் போட்டுக் கட்டித் திண்ணைக் கல்லில் மாற்றி மாற்றி அடித்துத் தேய்த்தால் மண்ணும் தோலும் கழன்றுவிடும். மிச்சத்தை நகத்தால் சுரண்டுவோம். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போகும். பொங்கல் அன்று இந்தக் கிழங்கும் காயுமெல்லாம் தனித்தனிக் கறியாகவும் குழம்பாகவும் இலையில் வரும். வயிறு ஏற்கெனவே பொங்கலில் நிறைந்திருக்கும். எல்லோரும் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ராத்திரி ஆச்சி ஒரு பெரிய சட்டியை எடுப்பாள். அவியல், பொரியல், புளிக்குழம்பு, கிழங்குக் கறி எல்லாம் ஒரே சட்டிக்குள். அடுப்பை அடக்கி எரியவிட்டுச் சுண்டவிடுவாள். மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிய பொங்கச் சோற்றோடு அந்தச் சுண்டக்கறி. சிறுகிழங்கைக் கடித்தால் முந்தின நாள் இருந்த குழம்பு, கறி அத்தனையும் அதற்குள் இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூரிலிருந்து பொங்கலுக்கு வருவதே இந்தக் காலைச் சாப்பாட்டுக்குத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். முதல் நாள் சாமிக்கு. மறுநாள் நமக்கு.

ஆச்சிக்கு மிச்சம் என்ற சொல்லே பிடித்திருந்தது. அவள் சின்ன வயதில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கோ, காய்ச்சல் வந்தாலோ. ஐ.ஆர். 8 நெல் 1966இல் வந்து, அதன் பின்னால் வந்த ரகங்களும் ரேஷன் கடையும் சேர்ந்துதான் எங்கள் பக்கத்து வீடுகளில் அரிசியைத் தினப்படி ஆக்கின. ராத்திரி பானையில் சோறு மீந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போவாள். "மிஞ்சிருக்கா? அப்பச் சரி" என்பாள். ஒரு பருக்கையும் மீறாத ராத்திரிகளைத் தெரிந்த பேச்சு அது.

அம்மாவின் விஷயம் வேறு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடிந்து கடைசியில் உட்காருகிறவள் அவள். மத்தியானம் சூடாக வடித்த சோறு எங்களுக்கும் அப்பாவுக்கும் ஆச்சிக்கும். அவளுக்கு மத்தியானமும் பழையதுதான். "நீயும் சுடுசோறு சாப்பிடேம்மா" என்றால், "புதுச் சோறு எனக்குச் சேராதுட்டி, நெஞ்சு கரிக்கும்" என்பாள். நாங்களும் நம்பினோம். வாத உடம்பு, பித்த உடம்பு போல அம்மாவுடையது பழைய சோற்று உடம்பு என்று நினைத்துக்கொண்டோம். அப்பா காலமான பிறகு சென்னையில் என்னோடு வந்து இருந்தாள். இங்கே குக்கரில் அளந்து வைப்பது, மீறுவதற்கு வழியில்லை. முதல் நாளே சுடச்சுடச் சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கினாள். நெஞ்சு கரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இருந்த காலம் முழுக்க ஒரு நாளும் கரிக்கவில்லை. நான் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு பழையதைப் புகழ்ந்து யார் பேசினாலும், நானே பேசினாலும், எனக்கு அந்த நெய்ச்சோறு ஞாபகம் வந்துவிடுகிறது. மண்கலயத்தில் பழைய சோறும் வெங்காயமும் வைத்து நல்ல விலைக்கு விற்கிற ஓட்டல்கள் சென்னையிலும் மதுரையிலும் வந்துவிட்டன. ருசிக்குக் குறைவில்லை. நாங்கள் அதை ஆசைக்குச் சாப்பிட்டோம். எங்களுக்குச் சுடுசோறும் இருந்தது.

தொண்ணூறுகளில் தம்பி வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டான். முதல் மாதம் அதற்குள் தண்ணீர் பாட்டிலும் மல்லிகைப் பூவும் மட்டும் இருந்தன. பிறகு மாவு போயிற்று, குழம்பு போயிற்று. அதோடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டின் நாள்கணக்கு குலைந்துபோனது. புதன்கிழமை மாவு ஞாயிற்றுக்கிழமை மாவு மாதிரியே இருந்தது. பணியாரம் எழும்பவில்லை. புளிக்குழம்பு குளிரில் உறைந்து, சூடுபடுத்தினால் நேற்றைக் குழம்பாகவே திரும்பி வந்தது, சுண்டக்குழம்பாகவில்லை. பானை சோற்றை ராத்திரி முழுக்க வேறொன்றாக மாற்றிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் அதை வைத்த இடத்திலேயே நிறுத்திவைத்தது. பத்திரமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோடையில் கெட்டுப்போன சாப்பாட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் உண்டு. பழைய காலம் என்றால் எல்லாமே தேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். பணியாரம் வேண்டும் என்றால் முந்தின நாள் ராத்திரியே மாவை வெளியே எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிடுவாள். "குளுருல வெறச்சுக் கெடக்கு, கொஞ்சம் வெயில் பாக்கட்டும்" என்பாள், ஏதோ ஊருக்கு வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப் போல.

இப்போது எங்கள் வீட்டில் ஆட்டுவதே இல்லை. தெருமுனைக் கடையில் காலையும் மாலையும் பாக்கெட் மாவு வருகிறது. என் மகளுக்கு இட்லியைக் கண்டால் ஆகாது. பணியாரம் என்றால் பத்துப் பன்னிரண்டு உள்ளே போகும். அதற்குப் பாக்கெட் மாவை வாங்கி ஒரு நாள் வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. போன மாதம் ஒரு நாள் அவசரம். கடைக்காரத் தம்பியிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன்.

"தம்பி, நேத்து வித்துப் போகாத மாவு எதாச்சும் கிடக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கும் பணியாரமாக்கா?" என்றார். கீழே குனிந்து, ஃபிரிட்ஜுக்கு வெளியே ஓரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். ஐந்தாறு பாக்கெட்டுகள் உப்பிப்போய்க் கிடந்தன.

"முன்னெல்லாம் பாதி விலைக்குக் குடுத்தேன். இப்பக் கேக்குறவங்க கூடிட்டாங்க, அதனால முழு விலைதான். நாளைக்கு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, எடுத்து வெளிய வச்சிடுறேன்."